கடைசியில் எடுத்த சீட்டு

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தில் மாலை மூன்றரை மணி. மகளுடைய ஆபீஸ் கடிகாரத்தில் ஐந்து. ஜப்பான்காரர்கள் வந்ததும் மலாயா முழுவதையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் கணவர் எங்கள் கடிகாரத்தை மட்டும் மாற்றவில்லை. இவர்கள் போகிற வரைக்கும் இது இப்படியே ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் யார் எந்த மணியைச் சொன்னாலும் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டியோ கழித்தோ பார்க்க வேண்டும்.

அது நாற்பத்து மூன்றாம் ஆண்டு. ரயில்வே கிளார்க்காக இருந்த அவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பிய அடுத்த மாதம். அன்று மகளுக்குச் சம்பள நாள். வழக்கமாக அவள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பெரிய ரோட்டு வழியாக வந்து, முன்வாசலில் செருப்பைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்த சம்பளத்தை என்னிடம் கொடுப்பாள். அன்றைக்கு ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்சந்து வழியாக வந்தாள். தலையில் கோணிச்சாக்கால் சுற்றிய பொதி ஒன்று இருந்தது.

பொதியைக் கூடத்தில் இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். சம்பளம் எங்கே என்று கேட்டேன். பொதியைத் தட்டிக் காட்டினாள்.

"இதுதான்மா."

பிரித்தால் உள்ளே வெள்ளை லாங்கிளாத் துணி, முழுச் சுருள். சண்டைக்கு முந்தின சரக்கு. ஜவுளிக்கடை நானாவிடம் வாங்கியிருந்தாள். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் கடை வைத்த முஸ்லிம் பெரியவர் அவர். நாங்கள் எல்லோரும் நானா என்றே கூப்பிடுவோம். கடையில் பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததில் ஒரு சுருளை இவளுக்காக வெளியே எடுத்திருக்கிறார். இவளும் ஒரு மாதம் டைப் அடித்த கூலி முழுவதையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அன்று மாலை நான் சீட்டுப் பணம் கட்டப் போக வேண்டும்.

அந்தச் சீட்டை எங்கள் வரிசையில் ரயில் கார்டு ஒருவருடைய மனைவி நடத்தி வந்தார். நாற்பத்து இரண்டின் கடைசியில், ஊர் கொஞ்சம் அடங்கிய பிறகு தொடங்கியது. பெண்கள் முப்பது பேர். மாதா மாதம் எல்லோரும் ஒரே தொகையைப் போடுவோம். சேர்ந்த பணத்தை அந்த மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வார். முன்னால் எடுப்பவர் அதில் ஒரு பகுதியை மற்றவர்களுக்குக் கழிவாக விட்டுக்கொடுக்க வேண்டும். பொறுமையாக இருந்து கடைசியில் எடுப்பவருக்கு முழுத்தொகையும் கிடைக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் எத்தனையோ சீட்டில் சேர்ந்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசியாகத்தான் எடுத்திருக்கிறேன். எங்கள் வரிசையில் அது ஒரு கௌரவம். சீக்கிரம் எடுக்கிற வீட்டில் ஏதோ கஷ்டம் என்று பொருள். புருஷன் கள்ளுக்கடைக்குப் போகிறான் என்பார்கள். இல்லையென்றால் வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான் என்பார்கள். "கடைசிச் சீட்டு டீச்சர் வீட்டுக்குத்தான்" என்று பள்ளிக்கூட டீச்சரான என்னைக் காட்டிக் கார்டு வீட்டு அக்கா முதல் மாதமே எல்லோர் முன்னாலும் சொல்வார். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

இந்தச் சீட்டில் கௌரவத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. கார்டு வீட்டு அக்காவின் தங்கை கிள்ளானில் இருந்தார். அவர்களுக்கு அங்கே மளிகைக் கடை. அந்த வீட்டுப் பையனுக்கு என் மகளைக் கொடுப்பதாக என் கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் திரும்பி வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. கோலாலம்பூர் ஸ்டேஷனில் சரக்கு வண்டியில் ஆட்களோடு ஆளாக ஏறி நின்றபோது அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கல்யாணத்துக்கு வேண்டியது குறையாம இருக்கணும். நீ பாத்துக்க."

சரி என்று தலையாட்டினேன். சீட்டு தொடங்கியபோது அந்த முழுத்தொகைக்கு ஒரு சங்கிலியும் வளையல்களும் வாங்கி, பந்தியும் போட்டுவிடலாம் என்று இருந்தது. என் பள்ளிக்கூடச் சம்பளம் வீட்டுச் செலவுக்கே போதவில்லை. அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டில் கொடுப்பதாகச் சொன்னார்கள், வரவில்லை. மகளின் சம்பளத்தில்தான் சீட்டுக் கட்டியாக வேண்டும். அதுதான் துணியாக வந்து கூடத்தில் கிடந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக வெறுங்கையோடு சீட்டுக்குப் போனேன். எனக்காகக் கார்டு வீட்டு அக்காவே பணம் போட்டார். கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்:

"பொண்ணு ஆபீஸ் போக ஆரம்பிச்சா கை கொஞ்சம் தாராளமாத்தான் ஆகும், டீச்சர்."

மற்ற பெண்கள் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தச் செய்தி கிள்ளானுக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மகளை நிறையப் பேசினேன். ஊதாரி என்றேன். அப்பா எங்கே என்ன சாப்பிடுகிறாரோ தெரியாத நேரத்தில் பொதி பொதியாகத் துணி வாங்குகிறாயே என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

அவளுக்கு வேலை அரிசிக் கூப்பன் ஆபீஸில். நிப்போங்கோ என்ற ஜப்பான் பாஷை வகுப்புக்கு மூன்று மாதம் போய், கொஞ்சம் எழுதப் படிக்கக் கற்று, அந்த வேலைக்குப் போயிருந்தாள். சாமான்களுக்கு அரசாங்கம் வைத்த விலையை மாதா மாதம் டைப் அடித்து ஊருக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. பாசாரில் அந்த விலைக்கு எதுவும் கிடைக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஒரு மாசம்கூட விலை இறங்கி நான் டைப் அடிச்சதில்லமா. புது நோட்டுல நம்பர்கூடப் போடறதில்ல, பாத்தீங்களா? நம்பர் இல்லாத நோட்டை எவ்வளவு வேணும்னாலும் அடிச்சுக்கலாம். நீங்க சேக்கறது காசு இல்ல. ஜப்பான்காரன் அதுமேல அச்சடிச்சிருக்கிற வாழைமரம்."

"அப்பா சொல்லிட்டுப் போனது என்ன?"

"கல்யாணத்துக்கு வேண்டியதுன்னு சொன்னாங்க. காசுன்னு சொல்லல."

அடுத்த மாதமே சீட்டை எடுத்துவிடுங்கள், கழிவு போனால் போகட்டும், கையில் வருவதற்குச் சரக்காக வாங்கி வைத்துவிடலாம் என்றாள். முடியாது என்றேன். டீச்சர் வீடு நொடித்துவிட்டது என்று ஊர் சொல்லும் என்றேன். அதற்கு அவள் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது.

"கஷ்டம்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு முப்பதாவது ஆளா நிக்கறீங்க. நமக்குக் கஷ்டம்தானேமா? இதுல மறைக்க என்ன இருக்கு?"

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் காரணமில்லாமல் காசைப் பிடித்து வைப்பவள் அல்ல. இவள் சிறுமியாக இருந்தபோது ரப்பர் விலை விழுந்து ஊரே முடங்கியது. ரயில்வேயில் ஆள் குறைத்தார்கள். இவருக்கு வேலை தப்பியது, சம்பளம் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். நாங்கள் ஏறவில்லை. நான் அதற்கு முன் சேர்த்து வைத்திருந்ததுதான் எங்களை இங்கே உட்கார வைத்தது. காசைச் சேர்த்தால் காப்பாற்றும் என்பதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அது எனக்கு நடந்தது.

இதைச் சொன்னபோது மகள் அந்தக் காலம் தனக்கும் நினைவிருக்கிறது என்றாள். அவளுக்கு நினைவிருந்தது ஒரு செருப்பு. வகுப்பில் எல்லோருக்கும் செருப்பு இருந்ததாம். தனக்கு மட்டும் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று சொல்லியே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேனாம். "அப்புறம் வாங்கித் தந்தீங்க. அப்ப எனக்கு வேண்டியிருக்கல" என்றாள். அந்த இரண்டு வருஷமும் அவள் வயிறு ஒரு வேளைகூடக் காயவில்லை என்பது அவள் கணக்கில் வரவே இல்லை.

கடைசியில் சம்பளத்தைப் பாதி பாதியாகப் பிரிப்பது என்று முடிவானது. பாதி என் கையில், அது சீட்டுக்கு. பாதி அவள் கையில். அதில் நான் வாய் திறக்கக் கூடாது. வாய் திறக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. சம்பள நாளன்று ஆபீஸ் சிநேகிதிகளோடு ஐஸ் போட்ட சர்பத் குடித்துவிட்டுத்தான் வருவாள். ஒரு தடவை சிவப்பு ரிப்பன் வாங்கிக்கொண்டாள். மிச்சத்துக்கு நூல்கண்டு, ஊசிப் பொட்டலம், மலேரியாவுக்கு ஒரு குப்பி கொய்னா மாத்திரை, யாரோ விற்ற சைக்கிள் டியூப் என்று கண்டதெல்லாம் வாங்கினாள். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி எல்லாவற்றையும் அடியில் அடுக்கினாள். ஒரு தடவை நன்றாக ஏமாந்தாள். சவர்க்காரம் என்று ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தாள். ஒரே வாரத்தில் அது சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு மனசு நிம்மதியாக இருந்தது.

நாற்பத்து நான்கில் கிள்ளானிலிருந்து பையனின் அம்மா வந்தார். காலை ரயிலில் கருவாட்டுக் கூடையோடு வந்து இறங்கினார். அரிசிக் கூப்பன் சுருங்கி, எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு ஒரு வேளையிலிருந்து இரண்டு வேளையாகியிருந்த சமயம். இருந்த அரிசியை வடித்தேன். அந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்து உயரமாக நின்ற கட்டிலையும் அதன் அடியையும் பார்த்தார்.

"இது வீடா டீச்சரம்மா, இல்ல கொடவுனா?"

மூன்று பேரும் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். ஆபீஸ் சம்பளத்தை என்ன செய்கிறாய் என்று அவர் மகளைக் கேட்டார். அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று சொல்லு என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"வந்த அன்னைக்கே செலவு பண்ணிடுவேன் அத்தை."

"எங்க வீட்டுல காசு பெட்டியில தங்கும்மா. தங்க வைக்கிற கைதான் மருமகளுக்கு வேணும்."

"கடையில சரக்கும் தங்கியிருக்கா, அத்தை? இல்ல காசு மட்டும்தானா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை என்றுதான் பிறகு சொன்னாள். ஆனால் கிள்ளான் கடையின் நிலைமை எனக்குக் கார்டு வீட்டு அக்கா மூலம் முன்பே தெரியும். சரக்கை நல்ல விலைக்கு விற்றுத் தீர்த்துவிட்டார்கள். விற்ற காசுக்கு மறுபடி சரக்கு எடுக்கப் போனால் பாதிகூட வரவில்லை. அலமாரி காலி, கல்லாப்பெட்டி நிறைய நோட்டு. அந்த அம்மா கையைக் கழுவினார். சாயங்கால ரயிலுக்குப் போக வேண்டியவர் மத்தியானமே கிளம்பினார். வாசலில் என்னிடம் மட்டும், "அவரு சயாம்லேருந்து வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அதற்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது. அந்த வாரம் மகளோடு நான் பேசவில்லை. அவளும் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சிவப்பு ரிப்பனை எடுத்து வைத்துவிட்டு, பழைய நாடாவால் சடையைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போக ஆரம்பித்தாள்.

இனி அவர் வந்தால் என்ன பதில் சொல்வது என்பதுதான் எனக்கு ஒரே யோசனை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கிற கிழக்கே பார்த்துக் குனிய வைக்கும்போதும், கிழங்கு சீவும்போதும் அதே யோசனை. கல்யாணத்துக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள் என்று சொன்னார். சம்பந்தமே கைநழுவிப் போகிற மாதிரி இருந்தது. மிச்சம் இருந்தது சீட்டு ஒன்றுதான். அதனால் இன்னும் பிடிவாதமாகக் கட்டினேன்.

அடுத்த வருஷம் பிறந்தபோது பாசாரில் நோட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நிலை வந்துவிட்டது. ஊரில் துணியே இல்லை. சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். பூச்சோங் பக்கத்தில் கம்பம் என்று சொல்கிற கிராமத்திலிருந்து ஒரு மலாய்க்காரர் சாக்குக்குள் கொஞ்சம் அரிசியை மறைத்து வைத்துக்கொண்டு பின்சந்துக்கு வருவார். பணம் வேண்டாம் என்று தலையாட்டுவார். மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து சுருளை இழுத்து, முழம் போட்டு அளந்து, கத்தரித்துக் கொடுப்பாள். அந்த அரிசியைத்தான் சாப்பிட்டோம். எனக்கு மலேரியா வந்தபோது அவள் வாங்கி வைத்த குப்பியில் இருந்த மாத்திரைதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டேதான் நான் அவளை ஊதாரி என்று திட்டினேன். அவள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை கார்டு வீட்டு அக்கா பின்சந்து வழியாக வந்தார். அவர் அந்தப் பக்கமாக வந்ததே கிடையாது. அவருடைய கணவர் கார்டுக்கு ரொம்ப நாளாகக் காய்ச்சல், விடியற்காலையில் போய்விட்டார். சவத்துக்குப் போர்த்த வெள்ளைத் துணி பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடையிலும் இல்லை. மடியிலிருந்து ஒரு கட்டு நோட்டை எடுத்து நீட்டினார். அந்த மாதச் சீட்டுக்கு மற்றவர்கள் கொடுத்த பணம் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு எப்படியாவது போட்டுவிடுகிறேன் என்றார்.

மகள் சுருளில் மீதி இருந்ததைக் கூடத்தில் விரித்தாள். போர்த்துவதற்கு ஒரு துண்டு கிழித்தாள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அந்த அம்மா உடுத்துவதற்கு என்று இன்னொரு துண்டும் கிழித்தாள்.

"நோட்டு வேணாம் பெரியம்மா. அதைச் சீட்டுலயே போட்டுடுங்க."

அந்த அம்மா இரண்டு துணியையும் மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. மகளுடைய தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

துக்கம் முடிந்ததும், அதே வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு அவர் மறுபடியும் சீட்டுக்கு உட்கார்ந்தார். பாதிப் பேர் கட்டுவதை நிறுத்திவிடலாம் என்றார்கள். கடைசி ஆளுக்குக் கொடுக்காமல் நிறுத்தினால் என் பேர் என்னாவது என்று அவர் கேட்டார். எனக்காகத்தான் அந்தச் சீட்டு முடிவுவரை நடந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

சீட்டின் கடைசி மாதம் வந்தது. கார்டு வீட்டு அக்கா பணத்தை ஒரு பிரம்புக் கூடையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். கையில் எடுத்துக்கொண்டு போக முடியாத அளவுக்கு நோட்டு. "கடைசிச் சீட்டு டீச்சர் வீட்டுக்கு" என்று பழக்கத்தில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மகள் வாசலில் நின்றிருந்தாள். கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, நேராகப் பாசாருக்குப் போய்விட்டாள். நான் கூப்பிட்டேன்; அவள் நிற்கவில்லை.

இருட்டுவதற்கு முன் திரும்பி வந்தாள். கூடைக்குள் ஒரு கோழி. காலை வாழைநாரால் கட்டியிருந்தது.

"முழுத்தொகையும் போயிடுச்சுமா. கழிவே இல்ல."

எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கோழியை உற்றுப் பார்த்தேன். சங்கிலி, வளையல், பந்தி எல்லாம் சேர்ந்து பழுப்பு நிறத்தில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே அறுத்துக் குழம்பு வைத்துவிடலாம் என்றேன். மறுநாள் பார்க்கலாம் என்றாள் மகள். மறுநாள் காலை அது அடுப்படி மூலையில் ஒரு முட்டை இட்டிருந்தது. அதனால் பிழைத்தது.

பிறகு ஜப்பான்காரர்கள் தோற்றார்கள். வெள்ளைக்காரன் வந்தான். வாழைமர நோட்டு செல்லாது என்றார்கள். எங்கள் சந்தில் பிள்ளைகள் நோட்டை மடித்துச் சாக்கடையில் கப்பல் விட்டார்கள். ஊர் நேரம் மறுபடியும் எங்கள் கடிகாரத்தோடு ஒத்துப்போனது. ஸ்டேஷன் மணியும் எங்கள் வீட்டு மணியும் ஒன்றாக அடித்த அன்று நான் மகளிடம் சொல்லிக்காட்டினேன்: பார், நாங்கள் மாற்றவே இல்லை, காத்திருந்தோம், சரியாகிவிட்டது.

"காத்திருந்தா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சீங்க. கடிகாரம் மட்டும்தான் சரியாச்சுமா."

இதை எழுதுகிற இப்போதும் அந்தப் பதில் எனக்குக் கோபத்தைத் தருகிறது. அவள் சொன்னது சரி என்பது அந்தக் கோபத்தைக் குறைக்கவில்லை. சரியாகச் சொல்கிற பிள்ளையிடம் ஒரு தாய்க்கு வருகிற கோபம் வேறு வகை.

சில வாரம் கழித்துக் கிள்ளானிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அங்கே கடைக்காரர் காலிக் கடையில் கல்லாப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருக்கிறாராம். பழைய பேச்சை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். பெண்ணிடம் நூல்கண்டு ஏதாவது மீதி இருக்கிறதா என்றும் கேட்டிருந்தார்கள். நான் மகளைப் பார்த்தேன். அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"அப்பா வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லிடுங்க."

அதே வார்த்தைகள். நான் அப்படியே சொல்லி அனுப்பினேன்.

சயாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் வர ஆரம்பித்தன. ரயில் வரும் என்று கேள்விப்படும்போதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போவேன். இறங்கியவர்களில் பலரை அவர்களுடைய வீட்டுக்காரர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பிளாட்பாரத்தில் நடப்பார்கள். நானும் கூப்பிட்டு நடந்தேன். அவர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, வந்தால் முதலில் என்ன கேட்பார் என்று பயந்துகொண்டும் நடந்தேன். சங்கிலி எங்கே, வளையல் எங்கே, சம்பந்தம் எங்கே என்று கேட்பார். ஒரு கோழியைத்தான் நான் காட்ட முடியும்.

அவர் வந்த அன்று நான் ஸ்டேஷனில் இல்லை. மத்தியான வேளை. அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. முன்வாசலில் யாரோ "அம்மா" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், ஒரு வாலிபர் இன்னொருவரைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். தாங்கப்பட்டவர் எங்கள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

உட்கார வைத்தோம். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே பழந்துணிக் கட்டு. உடம்பில் எலும்புதான் இருந்தது. அந்த வாலிபர் செந்தூலைச் சேர்ந்தவர், அவரோடு அதே முகாமில் கணக்கு எழுதியவர். மெலிந்திருந்தாலும் நிமிர்ந்து நின்றார். மகள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டாள்.

என் கணவர் தண்ணீரைக் குடித்தார். சட்டைக்கு அடியில் இடுப்பில் சுற்றியிருந்த ஒரு துணிப்பட்டையை மெதுவாக அவிழ்த்தார். கூடாரத் துணியில் கையால் தைத்தது. அதைத் தரையில் வைத்துப் பிரித்தார். நோட்டுகள். மூலை மடங்காமல், ஈரம் படாமல், அடுக்கி அடுக்கி வைத்த சயாம் சம்பளம் முழுவதும்.

இவருக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை, இதை யார் சொல்வது என்று நினைத்தேன். அவரே சொன்னார்.

"செல்லாதுன்னு வர்ற வழியிலேயே சொல்லிட்டாங்க. தூக்கிப் போட மனசு வரல."

நோட்டுகளைத் தடவிக்கொண்டே மறுபடி பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"அங்க சயாம்காரிங்க வாத்து முட்டை கொண்டு வருவாளுங்க. இந்தத் தம்பி சம்பளம் வந்த அன்னைக்கே வாங்கித் தின்னுடும். ஊதாரின்னு திட்டுவேன். பொண்ணு கல்யாணத்துக்குன்னு நான் ஒரு முட்டைகூட வாங்கல."

"உருப்பட மாட்டேன்னு சொன்னீங்க, ஐயா" என்றார் அந்த வாலிபர். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் பழகிப்போன பேச்சைப் போலச் சொன்னார்.

"சொன்னேன். இதுதான் என்னை முதுகுல சுமந்து ரயில் ஏத்துச்சு."

நான் அவருடைய கேள்விக்காகக் காத்திருந்தேன். இரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்த பதிலை மனத்துக்குள் மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். போகும்போது விட்டுவிட்டுப் போன பெண்தானா என்று தேடுவது போல வெகுநேரம் பார்த்தார். அப்போது பின்கட்டில் கோழி கொக்கரித்தது. அவர் தலையைத் திருப்பிக் கேட்டார். பிறகு அவளிடம், கேட்கக் கூடாததைக் கேட்பவர் போலத் தயங்கிக் கேட்டார்.

"வீட்டுல முட்டை இருக்கா, தாயி?"